வீட்டு வாசலில் மகிழமரம் வைக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: தஞ்சாவூரில் புது வீடு, வாசல் பக்கம் 15 அடி காலி இடம், களிமண் பூமி. நம் ஊர் மரமாக ஒன்று வைக்க வேண்டும், மகிழம் என்றால் பிடிக்கும். ஆனால் வேர் சுவரைப் பிளந்துவிடுமோ என்று பயம். பூக்க எத்தனை வருஷம் ஆகும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கோயில் மரத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியாரும் தடுக்கிறார்.

தயங்காமல் வையுங்கள். மன்னார்குடியில் எங்கள் கொல்லையில் 2004இல் நான் நட்ட மகிழமரம் நன்றாக இருக்கிறது. அதன் விதையில் வந்த கன்று சென்னையில் என் மகள் வீட்டு வாசலில் வளர்ந்து அதுவும் பூக்கத் தொடங்கிவிட்டது. அங்கே செம்மண், இங்கே உங்கள் ஊர் போலவே களி. இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும். இரண்டாம் வருஷம் முடிந்தபோது எங்கள் கன்று என் இடுப்பு உயரம்கூட இல்லை. அதே சமயம் தெருவில் ஒருவர் நட்ட குல்மொஹர் மாடியைத் தொட்டிருந்தது. மெதுவாக வளர்கிறது என்பதற்காகவே பலர் இந்த மரத்தை வேண்டாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் வீட்டுக்கு இதை நான் சொல்வதே அதனால்தான். வேகமாக வளரும் மரத்தின் கிளையில் வலு இருக்காது. பத்து வருஷத்தில் மின்கம்பியைத் தொடும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் வைத்து வெட்ட வேண்டும். வெட்ட வெட்ட அது உருக்குலையும். மகிழத்தின் கட்டை கெட்டியானது, கிளைகள் நெருக்கமாக வரும், தலை தானாகவே குடை மாதிரி உருண்டு நிற்கும். ஒரு சின்ன மனைக்குள் அடங்கி வளரும் குணம் அதற்கு இயல்பாகவே இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் கொல்லையில் மூன்று தென்னை சாய்ந்தன, முருங்கை இருந்த இடமே தெரியவில்லை. அப்போது 14 வயதான மகிழமரம் இரண்டு கிளைகளை மட்டும் இழந்து நின்றது. இலை கிழிந்து தொங்கியதைப் பார்த்து அதுவும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். தை மாதத்தில் புதுத் தளிர் விட்டது.

சரி, வேர் விஷயம். ஆலும் அரசும் சுவரில் முளைத்துச் சுவரையே பிளப்பதைப் பார்த்த பயம் நமக்கு எல்லா மரத்தின்மேலும் வந்துவிடுகிறது. மகிழத்தின் வேர் அந்த வகை இல்லை. ஆனால் டெல்டா களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். எந்த மரமானாலும் சுவரை ஒட்டி நின்று கோடையில் ஈரத்தை உறிஞ்சினால் அந்த இடத்து மண் கூடுதலாகச் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத சுவரில் விரிசல் விடுவது பெரும்பாலும் இதனால்தான், வேர் தள்ளுவதால் அல்ல. அதனால் வீட்டுச் சுவரிலிருந்து 8 அடியாவது விடுங்கள். உங்களிடம் 15 அடி இருக்கிறது. வீட்டுக்கு 8, காம்பவுண்டுக்கு 7 என்று வைத்தால் சரியாக வரும். செப்டிக் டேங்க் அந்தப் பக்கம் இருந்தால் அதிலிருந்து 15 அடி தள்ளுங்கள். ஈரமும் சத்தும் கசியும் இடத்தை வேர் தேடிப் போகும், அதைக் குறை சொல்ல முடியாது. நடும் முன் மேலே நிமிர்ந்து பாருங்கள், மின்கம்பி போகிறதா என்று. அது போனால் அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வாசலில் டைல்ஸோ சிமெண்ட் கல்லோ போடப் போகிறீர்கள் என்றால் மரத்தைச் சுற்றி 4 அடிக்கு 4 அடி மண் தரையாகவே விடுங்கள். அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டு, மரம் ஏன் வாடுகிறது என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மூச்சு விடவும் தண்ணீர் இறங்கவும் வழியில்லாத வேர்தான் தரையைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒதுக்க மாட்டேன். இந்த மரத்துக்குக் கோயிலோடு இருக்கும் உறவு அப்படி. திருவண்ணாமலையில் தல விருட்சம் மகிழம். திருவொற்றியூரிலும் அதுவே. சுந்தரர் சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தபோது, சன்னிதியில் செய்யும் சத்தியத்திலிருந்து தப்ப நினைத்து, ‘அந்த நேரம் நீர் மகிழின் கீழ் போய் இரும்’ என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனோ, ‘மகிழடியிலேயே சத்தியம் வாங்கு’ என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். பெரியபுராணத்துக் கதை, இன்றும் மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை நடக்கிறது. வைணவத்தில் நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்றே பெயர். வகுளம் என்றால் மகிழம். உங்கள் பக்கத்திலேயே, நாகப்பட்டினம் போகிற வழியில், திருக்கண்ணங்குடி இருக்கிறது. ‘உறங்காப் புளி, தோலா வழக்கு, ஊறாக் கிணறு, காயா மகிழ்’ என்று அந்த ஊரைச் சொல்வார்களே, அந்த மகிழ் இதுதான். ‘காயா’ என்பதற்குக் காய்க்காத என்றும் பொருள் சொல்கிறார்கள், வாடாத என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் கோயிலுக்கு உரிய மரம் என்பதால் வீட்டுக்கு ஆகாது என்று எந்தக் கணக்கிலும் வராது. வேம்பும் வில்வமும் நெல்லியும் கோயில் மரங்கள்தான், வீட்டில் வைக்கிறோம். நட்சத்திர மரங்கள் சொல்கிறவர்கள் அனுஷத்துக்கு மகிழத்தை நடச் சொல்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களின் வரிசையில் ‘பசும்பிடி வகுளம்’ என்று வருகிறது. கோயிலுக்கு வருவதற்கு முன்னாலேயே அது நம் பெண்களின் கையில் இருந்த பூ. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் கன்றை அவர் கையாலேயே நடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் அத்தை அப்படித்தான் சம்மதித்தார்.

இனி கன்று. பெரிய கன்றாக வாங்க வேண்டாம். நர்சரியில் ஏழெட்டு அடி உயரக் கன்றைப் பார்த்தால் மூன்று வருஷம் லாபம் என்று தோன்றும். அது அந்தப் பைக்குள்ளேயே வருஷக் கணக்கில் இருந்திருக்கும். வேர் பையின் சுவரில் முட்டிச் சுருண்டு சுருண்டு பந்து மாதிரி ஆகியிருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் அவிழாது. பத்து வருஷம் கழித்து ஒரு காற்றில் அடியோடு சாய்வது இந்த மரங்கள்தான். ஒன்றரை அடி, இரண்டு அடி கன்று போதும். பையின் அடியில் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அதை எடுக்காதீர்கள். மகிழம்தானா என்று உறுதி செய்ய இலையைப் பாருங்கள்: பளபளப்பாக, விளிம்பு அலை அலையாக இருக்கும். இளங்கிளையைக் கிள்ளினால் பால் கசியும். சப்போட்டா, இலுப்பை, பாலை எல்லாம் இதன் குடும்பம்தான். மரமல்லியையும் மகிழத்தையும் குழப்பிக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மரமல்லியின் இலை கறிவேப்பிலை போலச் சின்னச் சின்னதாகப் பிரிந்திருக்கும்.

நடுவதில்தான் களிமண்ணில் தப்பு நடக்கும். நானும் செய்தேன். 2003இல் நான் வைத்த முதல் கன்று செத்துப்போனது. புத்தகத்தில் படித்தபடி மூன்றடிக் குழி எடுத்து, வெட்டிய களிமண்ணைத் தூரப் போட்டுவிட்டு, ஆற்று மணலும் எருவுமாகக் குழியை நிரப்பி நட்டேன். ஐப்பசி மழையில் என்ன ஆயிற்று என்றால், சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலவென்று ஒரு குழி. கொல்லைத் தண்ணீரெல்லாம் அதற்குள் வந்து தேங்கிவிட்டது. களிமண்ணில் அது குழியாக இருக்காது, தொட்டியாகிவிடும். இருபது நாள் தண்ணீரில் நின்ற வேர் அழுகிவிட்டது. மகிழம் ஓரளவு வறட்சியைத் தாங்கும், கடற்கரை உப்புக் காற்றையும் தாங்கும். சின்ன வயதில் வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது.

அடுத்த வருஷம் வேறு மாதிரி செய்தேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். குழி ஒன்றரை அடி ஆழம் போதும், அகலம் மட்டும் மூன்றடி எடுங்கள். குழியின் பக்கச் சுவரைக் கடப்பாரையால் குத்திக் கரடுமுரடாக்குங்கள். மண்வெட்டி வழித்த களிச் சுவர் பானை மாதிரி வழுவழுப்பாக இருந்தால் வேர் ஊடுருவாது. வெட்டிய அதே மண்ணை உடைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய சாண எருவும் இலைமக்கும் கலந்து திரும்பப் போடுங்கள். தரை மட்டத்தோடு நிறுத்தாமல் ஒரு அடி, ஒன்றே கால் அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். அந்த மேட்டின் உச்சியில் கன்றை நடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், தண்டு ஒரு விரல்கூடப் புதையக் கூடாது. பச்சைச் சாணத்தைக் குழியில் போடாதீர்கள், சூடு பிடித்து வேரைக் கருக்கும், கரையானையும் அழைக்கும்.

காலம் என்று பார்த்தால் நம் பக்கத்துக்கு ஆடி நல்லது. மேல்மழை ஒன்றிரண்டு வரும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும். ஆடியைத் தவறவிட்டால் தை வரை பொறுங்கள். புரட்டாசி கடைசியில் அவசரப்பட்டு நட்டால் நான் பட்டதைத்தான் படுவீர்கள்.

முதல் இரண்டு கோடை மட்டும் கன்று உங்களைக் கேட்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை பத்து லிட்டர் தண்ணீர், மெதுவாக இறங்கும்படி விடுங்கள். நான் அடியில் சின்ன ஓட்டை போட்ட மண் பானையைப் பக்கத்தில் பதித்து, ஓட்டையில் திரி செருகி வைத்தேன். ஊருக்குப் போனாலும் நாலு நாள் கவலை இல்லை. மேட்டின் மேல் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்பினால் களி வெடிக்காது. மட்டை தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். சித்திரை வெயிலில் மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள். காட்டில் இது பெரிய மரங்களின் நிழலில் முளைத்து வளரும் கன்று. சின்ன வயதில் பாதி நிழல் அதற்குச் சுகம். அப்புறம் ஆடு. வாசலில் என்றால் முள்வேலியோ மூங்கில் கூண்டோ இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு வருஷ வளர்ச்சியை ஆடு ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும்.

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு வேலை அதிகமில்லை. வருஷத்துக்கு இரண்டு கூடை மட்கிய எரு, அவ்வளவுதான். ரசாயன உரம் கொடுத்து வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். கத்தரிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். உச்சியை வெட்டவே கூடாது. கீழ்க்கிளைகளை மட்டும், மரம் வளர வளர, வருஷத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்து, ஆள் குனியாமல் நடக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழித்தால் தண்டு மெலிந்து தலை கனத்துவிடும்.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. ஒன்றே ஒன்று உண்டு, கம்பளிப்பூச்சி. பகலில் அடிமரத்தில் பட்டை நிறத்திலேயே கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கிட்டே போனால்தான் தெரியும். இரவில் ஏறி இலையைத் தின்னும். காலையில் மரத்தடியில் மிளகு போலப் புழுக்கை கிடந்தால் அடிமரத்தைப் பாருங்கள். தீப்பந்தம் காட்டுவார்கள், பட்டை வெந்துவிடும், செய்யாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளினால் போதும். முடி பட்டால் தோல் தடிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

பூ எப்போது? எங்கள் மரம் ஏழாவது வருஷம், 2011 கோடையில் முதலில் பூத்தது. மகள் வீட்டுச் செம்மண்ணில் ஆறாவது வருஷமே வந்துவிட்டது. உங்களுக்கும் இதை ஒட்டித்தான் இருக்கும். முதல் பூ வந்ததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். இலை இடுக்கில் தலை கவிழ்ந்து தொங்கும், சட்டைப் பித்தான் அளவுதான், வெளிறிய வெள்ளை. ஒரு நாள் இரவு கதவைச் சாத்த வரும்போது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். மல்லிகை போல முகத்தில் அடிக்கும் வாசனை இல்லை. தள்ளி நின்றால் வரும், கிட்டே போனால் எங்கிருந்து வருகிறது என்று தேட வைக்கும்.

விடிகிற நேரத்தில் பூ தானாக உதிரும். முந்தின இரவே மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். மண் ஒட்டாமல் அள்ளிவிடலாம். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எட்டு இதழ், ஒவ்வொரு இதழின் முதுகிலும் இரண்டு துணை இதழ், ஆக 24 முனை உள்ள சக்கரம். உதிரும்போது சூலும் புல்லிவட்டமும் மரத்திலேயே தங்கிவிடுவதால் நடுவில் ஓட்டை இருக்கும். அதனால் இதைக் கட்டவோ தொடுக்கவோ வேண்டாம், வாழை நாரிலோ நூலிலோ கோத்துக்கொண்டே போகலாம். ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்யும். மகிழம்பூ முறுக்கு என்று நாம் சுடும் பலகாரத்துக்குப் பெயர் வந்தது இந்த முள் முள்ளான வடிவத்தைப் பார்த்துத்தான்.

இந்தப் பூவின் பெரிய சிறப்பு, காய்ந்தாலும் மணம் போகாது. பழுப்பாகிச் சருகான பிறகும் மணக்கும். என் அம்மா பட்டுப்புடவை மடிப்புக்குள் காய்ந்த சரத்தை வைத்திருப்பார். அவர் போய் நான்கு வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்தபோது அந்த வாசனை இருந்தது. ‘காயா மகிழ்’ என்பதற்கு வாடாத மகிழ் என்ற பொருளையே நான் எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

நாட்டு வைத்தியத்தில் இதன் பட்டைக் கஷாயத்தை ஈறு வலிக்கு வாய் கொப்பளிக்கக் கொடுப்பார்கள். மரம் வளர்ந்ததும் யாராவது பட்டை கேட்டு வருவார்கள். அடிமரத்தில் செதுக்க விடாதீர்கள். கத்தரிக்கும்போது கழித்த கிளையிலிருந்து கொடுங்கள்.

பூவுக்குப் பின்னால் பழம். ஆரஞ்சு நிறம், சின்ன விரல் நுனி அளவு. சதை மாவாக, கொஞ்சம் துவர்ப்போடு இனிக்கும். குயிலும் மைனாவும் அணிலும் வரும், இரவில் வௌவால் வரும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை வந்தால் பழம் விழுந்து கறையாகும், இடம் பார்க்கும்போது அதையும் யோசியுங்கள். மரத்தடியில் நிழல் அடர்த்தி என்பதால் செடி எதுவும் செழிக்காது. அங்கே ஒரு கல் பெஞ்சு போடுங்கள், பங்குனி வெயிலிலும் உட்காரலாம்.

பழுத்து விழுந்த பழத்தைச் சாப்பிட்டுவிட்டு விதையைக் கழுவிப் பாருங்கள். தட்டையாக, பழுப்பில் பளபளவென்று மெருகேற்றியது போல இருக்கும். காயவைத்துச் சேர்த்து வைக்காமல் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மணலும் மக்கும் கலந்த பையில் ஒரு விரல் கணு ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று மூன்று வாரத்தில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். முளைக்கவில்லை என்று பையைக் கொட்டிவிடாதீர்கள். நான் கைவிட்டுத் திண்ணை ஓரம் தள்ளி வைத்த ஒரு பையில் மூன்றாவது மாதம் தலை நீட்டிய கன்றுதான் இப்போது மகள் வீட்டு வாசலில் நிற்கிறது.